பசை காய்வதற்குள் கைக்கு வர வேண்டும்: வீட்டுப் பட்டறையில் கிளாம்ப் மாட்டி வைப்பது எப்படி

மரவேலை பழக ஆரம்பிப்பவர்கள் ரம்பம், டிரில் மெஷின், இழைப்புளி என்று பட்டியல் போட்டு வாங்குவார்கள். பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் பட்டியலில் இல்லாமல் ஒன்றிரண்டாக வந்து சேரும். ஸ்டூல் செய்ய நாலு, அலமாரி செய்ய இன்னும் ஆறு, விலை குறைந்தபோது ஒரு செட். பிறகு பார்த்தால் பட்டறை மூலையில் ஒரு இரும்புக் குவியல் இருக்கும். அடியில் கிடப்பதை உருவ வேண்டுமென்றால் மேலே இருக்கும் அத்தனையையும் இறக்க வேண்டும்.

இதற்கு ரேக் செய்ய உட்காரும்போது பெரும்பாலானோர் யோசிப்பது, இருக்கிற சுவரில் எத்தனை கிளாம்ப் அடக்கலாம் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது வேறு: பசை தடவிய பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளாம்பை எடுக்க முடியுமா?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளை மரப்பசை, தடவியதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் மேலே ஆடை கட்ட ஆரம்பித்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்தால் அந்த நேரம் பாதியாகக் குறையும். மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். (பலகை ஒட்டும் நேரத்தில் விசிறியை அணைத்துவிடுங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.) அந்தச் சில நிமிடங்களில் பலகைகளைச் சேர்த்து, மட்டம் பார்த்து, ஆறேழு கிளாம்ப் போட்டு முடிக்க வேண்டும். இதற்குத் தோதாக இருப்பதுதான் நல்ல ரேக். சுவரில் அழகாகத் தெரிவதெல்லாம் அப்புறம்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

ரகவாரியாகப் பிரியுங்கள். எஃப்-கிளாம்ப் (நீளமான இரும்புப் பட்டையில் ஒரு தலை அசையாமல் நிற்கும், மறுபகுதி நகர்ந்து வந்து இறுக்கும்) ஒரு பக்கம், ஜி-கிளாம்ப் (சிலர் சி-கிளாம்ப் என்பார்கள்) ஒரு பக்கம், பைப் கிளாம்ப், ஒரு கையால் அழுத்தும் குயிக் கிளாம்ப், ஸ்பிரிங் கிளாம்ப், பெல்ட் கிளாம்ப் என்று தனித்தனிக் கும்பல். ஒவ்வொரு கும்பலையும் நீளவாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே நீளத்தில் ஒற்றையாக நிற்பது எது என்று இப்போதே தெரிந்துவிடும். பலகை ஒட்டும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என மாற்றி மாற்றிப் போட்டால்தான் பலகை வளையாது. அதனால் ஜோடி இல்லாத நீளத்தை அடுத்த முறை வாங்கும்போது கணக்கில் வைக்கலாம்.

பரப்பியதும் ஒவ்வொரு ரகத்திலும் மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: பட்டையின் தடிமன், கைப்பிடியின் அகலம், ஒரு கிளாம்பின் எடை. எடை பார்க்க வீட்டில் தராசு இல்லையென்றால் பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஒன்றைக் கொடுத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டடி எஃப்-கிளாம்ப் நடுத்தர ரகமே இரண்டு கிலோ அளவுக்கு வரும். தாடைகள் இணையாக நின்று அழுத்தும் பேரலல் கிளாம்ப் என்றால் அதற்கும் மேல். ஒரு டஜன் மாட்டினால் ஒரு சிப்பம் அரிசி. இதைத் தாங்கும்படிதான் ரேக்கும் சுவரும் இருக்க வேண்டும்.

எந்தச் சுவர்?

பசை வேலை செய்யும் மேசைக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரியான இடம். இரண்டு எட்டில் போய் எடுக்க வேண்டும். மேசைக்கு நேர் பின்னால் இருக்கும் சுவர் வசதியாகத் தோன்றும், ஆனால் ஈரப் பசையோடு கிடக்கும் பலகைக்கு மேலே குனிந்து இரண்டு கிலோ இரும்பைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கும். கை தவறினால் பலகையில் பள்ளம்.

தவிர்க்க வேண்டிய சுவர்கள் சில உண்டு. ஓதம் ஏறிய சுவர் வேண்டாம். பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தால் அதுதான் ஓதம். அங்கே பிளக் (திருகு பிடிக்கச் சுவர்த் துளைக்குள் அடிப்பது) பிடிக்காது, கிளாம்ப் துருவும் பிடிக்கும். குளியலறையோடு சேர்ந்த சுவரில் தண்ணீர்க் குழாய் உள்ளே ஓடும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது, ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

சுவர் எதனால் ஆனது என்பதை டிரில் போடும்போது வரும் தூளே சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது மேல்பூச்சு. கொஞ்சம் உள்ளே போனதும் சிவப்பாக மாறினால் செங்கல், கவலையில்லை. வெள்ளையாக, மாவு போல, டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் ஏ.ஏ.சி. எனப்படும் இலகுரகக் கல்; அதற்கென்று தனி பிளக் இருக்கிறது, சாதாரண பிளக் உருவிக்கொண்டு வந்துவிடும். திடீரென்று டிரில் வெற்றிடத்தில் விழுந்தால் உள்ளே பொந்து உள்ள ஹாலோ பிளாக். அந்த மாதிரி சுவரில் கனமான ரேக்கை மாட்டாமல், பின்னால் சொல்லப்போகும் நிற்கும் ரேக்குக்குப் போய்விடுவது நல்லது.

எஃப்-கிளாம்புக்கு ஒரு சீப்பு ரேக்

வீட்டுப் பட்டறையில் அதிகம் இருப்பது எஃப்-கிளாம்ப் என்பதால் இதைத்தான் விரிவாகச் சொல்கிறேன். சுவரில் ஒரு முதுகுப் பலகை, அதிலிருந்து வெளியே நீட்டும் ஒரு தட்டு, தட்டில் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள். கிளாம்பின் பட்டை வெட்டுக்குள் இறங்கும், அசையாத தலை தட்டின் மேல் உட்காரும். முன்பக்கமிருந்து தள்ளி மாட்டலாம், அப்படியே இழுத்து எடுக்கலாம். திருகு எதையும் தளர்த்த வேண்டியதில்லை.

பலகை: 18 அல்லது 19 மி.மீ. ப்ளைவுட். ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகம் போதும். கடலோர ஊர் என்றாலோ, பட்டறை கார் ஷெட்டில் இருந்தாலோ ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் போடலாம். முழு ஷீட் வாங்காதீர்கள். ப்ளைவுட் கடையிலும் இன்டீரியர் வேலை நடக்கும் இடத்திலும் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். மூன்றடிக்கு ஒன்றரையடித் துண்டு ஒன்று இருந்தால் ஒரு ரேக் ஆகிவிடும்.

அளவு: முதுகுப் பலகை 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம். தட்டு 90 செ.மீ. நீளம், 12.5 செ.மீ. ஆழம். வெட்டுகள் முன் விளிம்பிலிருந்து 6 செ.மீ. உள்ளே போகட்டும், பின்னால் மிச்சமிருக்கும் பகுதிதான் தட்டுக்குப் பலம்.

வெட்டின் அகலம் என்பது பட்டையின் தடிமனோடு 3 மி.மீ. சேர்த்தது. 8 மி.மீ. பட்டைக்கு 11 மி.மீ. இறுக்கமாக வெட்டினால் மழைக்காலத்தில் ப்ளைவுட் கொஞ்சம் ஊதி, கிளாம்ப் சிக்கிக்கொள்ளும். ரொம்ப அகலமாக விட்டால் தலை உட்காரும் இடம் குறைந்துவிடும்.

புதியவர்கள் தவறும் இடம் வெட்டுகளுக்கு இடையிலான தூரம். பட்டை மெல்லியதுதானே என்று 3 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக வெட்டிவிடுவார்கள். மாட்டிப் பார்த்தால் கைப்பிடியோடு கைப்பிடி முட்டும், ஒன்று விட்டு ஒன்றுதான் மாட்ட முடியும். பட்டையை மறந்துவிட்டு கைப்பிடியை அளந்து, அதோடு விரல் நுழையும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மர அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு 6 செ.மீ. போதும். குறுக்குக் கம்பி போட்ட கைப்பிடி என்றால் 9 செ.மீ. வரை வேண்டியிருக்கும். 6 செ.மீ. கணக்கில், தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் துண்டுகளுக்கு இடம் விட்டபின், மூன்றடி ரேக்கில் பன்னிரண்டு கிளாம்ப் தாராளமாக மாட்டலாம்.

இனி செய்முறை. மூலைமட்டம் வைத்து எல்லா வெட்டுகளையும் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொரு வெட்டின் உள்முனையிலும், வெட்டின் அகலத்துக்கு ஏற்ற பிட்டால் ஒரு துளை போடுங்கள். அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்துத் துளைத்தால் ப்ளைவுட்டின் மறுபக்கம் பிய்யாது. பிறகு முன் விளிம்பிலிருந்து துளை வரை இரண்டு கோடு, ஜிக்சா இருந்தால் ஜிக்சாவில், இல்லாவிட்டால் கை ரம்பத்தில் அறுத்தால் நடுத்துண்டு விழுந்துவிடும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். எடுக்கும் அவசரத்தில் விரலில் சிலாம்பு ஏறினால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

தட்டை முதுகுப் பலகையில் பசையும் திருகும் போட்டுப் பூட்டுங்கள், திருகு பின்பக்கமிருந்து வரட்டும். முன் விளிம்பு பின்பக்கத்தைவிட ஐந்தாறு மி.மீ. உயர்ந்து நிற்கும்படி சாய்த்து வைத்தால் கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் கிளாம்ப் வழுக்கி வெளியே வராது. தட்டுக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் முக்கோணத் துண்டு வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டு வரும் இடத்தில் வெட்டுப் போடாமல் முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிளாம்பின் நகரும் பகுதி முட்டில் இடிக்கும்.

சுவரில் ஏற்றுவது

தட்டின் உயரம் தரையிலிருந்து நாலரை அடி, அதாவது சராசரி ஆளுக்குத் தோளுக்குச் சற்றுக் கீழே. இரண்டடி கிளாம்பின் அடி முனை இடுப்புக்குக் கீழே நிற்கும், மூன்றடி கிளாம்பும் தரையில் முட்டாது. தலைக்கு மேல் கை தூக்கி எடுக்கிற மாதிரி மட்டும் வைக்கவே வேண்டாம். எஃப்-கிளாம்பைத் தலைகீழாகப் பிடித்தால் நகரும் பகுதி சரசரவென்று வழுக்கி இறங்கும். முகத்துக்கு நேராக அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருகு நீளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. முதுகுப் பலகை 18 மி.மீ., மேல்பூச்சு 15 மி.மீ. அளவில் இருக்கும், செங்கல்லுக்குள் குறைந்தது 40 மி.மீ. போக வேண்டும். மொத்தம் 73. ஆகவே 75 மி.மீ. திருகு. 50 மி.மீ. திருகு போட்டால் செங்கல்லுக்குள் 17 மி.மீ.தான் போகும். ஒரு நாள் பூச்சோடு பெயர்ந்து வரும். பிளக்கையும் பூச்சு தாண்டிச் செங்கல்லுக்குள் உட்காரும்படி உள்ளே தள்ளுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக் அடிக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். மேல் வரிசையில் நாலு, கீழ் வரிசையில் இரண்டு திருகு. தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இழுவை முழுக்க மேல் வரிசைக்குத்தான் போகும்.

முதுகுப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல், திருகு போகும் இடங்களில் ஒரு செ.மீ. துண்டு கொடுத்து இடைவெளி விடுவது நம் ஊருக்கு நல்லது, காற்றுப் போகும், கரையான் சுவரிலிருந்து நேராகப் பலகைக்கு ஏறாது. அப்படிச் செய்தால் திருகை 10 மி.மீ. நீளமாக எடுக்க மறக்காதீர்கள்.

கிளாம்ப் மாட்டும் முன் சோதனை ஒன்று. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கயிற்றில் கட்டி, தட்டின் முன் விளிம்பில் தள்ளித் தள்ளித் தொங்கவிடுங்கள். நாற்பது கிலோ. ஒரு ராத்திரி கழித்து, முதுகுப் பலகையின் மேல் ஓரம் சுவரிலிருந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகாவிட்டால் தைரியமாக மாட்டலாம்.

மற்ற ரகங்கள்

ஜி-கிளாம்புக்கு ரேக் என்று எதுவும் செய்ய வேண்டாம். முக்கால் இன்ச் ஜி.ஐ. பைப் இரண்டடித் துண்டு ஒன்றை இரண்டு பிராக்கெட்டில் நிறுத்தி, கொக்கி மாதிரி வரிசையாக மாட்டிவிட்டால் முடிந்தது. வீட்டில் மிச்சம் கிடக்கும் திரைச்சீலை பைப்பும் ஆகும், ஆனால் அதோடு வரும் மெல்லிய பிராக்கெட்டை நம்பாதீர்கள். வாயைப் பைப் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். திருகு முழுக்க வெளியே வந்து நின்றால் போகிறவர் வருகிறவர் கையைக் கீறும்.

பைப் கிளாம்புதான் இடத்தை விழுங்கும் ஆள். ஐந்தடிப் பைப்பை நிற்கவைத்தால் சாயும், படுக்கவைத்தால் கால் தட்டும். இதற்கு நல்ல வழி, இரும்புத் தலைகளையும் பைப்புகளையும் தனித்தனியாக வைப்பது. தலைகள் ஒரு தட்டில் இருக்கட்டும். பைப்புகளைச் சுவரில் பரணுக்குக் கீழே, இரண்டு எல்-பிராக்கெட் மேல் படுக்கையாக அடுக்குங்கள். பைப் முனை தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு பி.வி.சி. மூடி போட்டுவிடுங்கள், மரைக்கும் பாதுகாப்பு, நெற்றிக்கும் பாதுகாப்பு. நீளப் பைப்பாக வாங்கிக் குவிக்காமல், இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக இரு முனையும் மரை போட்டு வாங்கினால் சாக்கெட் வைத்து இணைத்து எந்த நீளத்துக்கும் கொண்டுவரலாம். குழாய்ச் சாமான் விற்கும் கடையிலேயே மரை போட்டுத் தருவார்கள்.

குயிக் கிளாம்பும் ஸ்பிரிங் கிளாம்பும் மேசை ஓரத்திலேயே இருக்கட்டும். மேசைக்கு அடியில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதிலேயே கவ்வவிட்டால் போதும். குயிக் கிளாம்பை முழு இறுக்கத்தில் விட வேண்டாம், ரப்பர் அழுந்திப்போகும். பிளாஸ்டிக் ரகங்களை வெயில் படும் ஜன்னலோரத்திலும் மொட்டை மாடியிலும் வைத்தால் ஓரிரு வருடத்தில் நொறுங்க ஆரம்பிக்கும். பெல்ட் கிளாம்பைச் சுருட்டி ஒரு ஆணியில் மாட்டுங்கள், எலி எட்டாத உயரத்தில்.

எஃப்-கிளாம்பையும் இப்படி ஒரு சட்டத்தில் திருகிக் கவ்வவிட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வைப்பதற்குச் சுலபம்தான். ஆனால் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் திருகித் தளர்த்த வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். பசை காய்ந்துகொண்டிருக்கும்போது அது ஆகிற காரியமில்லை.

வாடகை வீடு என்றால்

சுவரில் ஆணி அடிக்கவே வீட்டு உரிமையாளர் முகம் சுளிப்பார், இத்தனை துளைக்கு எங்கே சம்மதிப்பார். அப்போது ஏணி மாதிரி விரிந்து நிற்கும் ஏ-வடிவச் சட்டம் செய்யுங்கள். அடிப்பாகம் இரண்டரை அடிக்கு இரண்டடி, உயரம் நாலரை அடி. இரண்டு பக்கச் சாய்விலும் மேலே சொன்ன சீப்புத் தட்டையே ஒவ்வொன்று பூட்டலாம். அடியில் ஒரு தட்டு வைத்து பைப் கிளாம்ப் தலைகளையும் பெரிய ஜி-கிளாம்புகளையும் அதில் போட்டால் எடை கீழே நின்று சட்டம் ஆடாது. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் மாட்டக் கூடாது, கவிழும்.

மூன்று இன்ச் சக்கரம் நாலு, அதில் இரண்டிலாவது பிரேக். கார் நிறுத்தும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு நாலிலும் பிரேக் வேண்டும், மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைத் தெருப்பக்கம் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். முப்பது, நாற்பது கிலோ வண்டி ஒன்று கேட்டை நோக்கித் தானாகக் கிளம்பினால் நிறுத்துவது கஷ்டம். சுவர் ரேக்கைவிட இதில் ஒரு லாபமும் இருக்கிறது: மேசை எங்கே போனாலும் கிளாம்பும் கூடவே வரும்.

கூடவே வைக்க வேண்டியவை

கிளாம்ப் மட்டும் கைக்குக் கிடைத்துப் பயனில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் ப்ளைவுட் துண்டுகள், பலகை மட்டத்துக்கு மேலே கீழே குறுக்காகப் போடும் நேரான ரீப்பர்கள், பேக்கிங் டேப், ஈரத்துணி, பிரஷ் எல்லாம் ரேக்கின் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். ரீப்பர்களில் முன்கூட்டியே டேப் ஒட்டி வையுங்கள், பசை அதில் பிடிக்காது. பட்டை பலகையைத் தொடும் இடத்திலும் ஒரு துண்டு டேப் போடுங்கள். ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்தால், துவர்ப்புச் சத்து அதிகமுள்ள வேங்கை, கருவேலம் மாதிரி மரங்களில் கறுப்புக் கறை விழும், லேசில் போகாது.

ரேக் முடிந்ததும் பசை தடவாமல் ஒரு முழு ஒத்திகை பாருங்கள். நாலடிப் பலகை மூன்றைச் சேர்த்து, எட்டு இன்ச்சுக்கு ஒன்று வீதம் கிளாம்ப் போட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் எந்த இடத்தில் தேங்குகிறீர்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அளவு தேடுவதில்தான் நேரம் போகும். பட்டையின் அடி முனையில் பெயிண்ட் தொட்டு வைத்தால் தீர்ந்தது: ஒரு அடிக்கு மஞ்சள், இரண்டடிக்குப் பச்சை, மூன்றடிக்குச் சிவப்பு. ரேக்கில் அந்தந்த வெட்டுக்கு மேலேயும் அதே நிறம்.

துரு

கடலோரக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கிளாம்ப் துருப்பிடிப்பதைத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். வேலை முடிந்ததும் ஒழுகிய பசையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். காய்ந்துபோன பசையைப் பழைய உளியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். எஃப்-கிளாம்ப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் பல்வரிசையில் பசை அடைத்திருந்தால் கம்பி பிரஷ் போடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். திருகின் மரைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும், வழுவழுவென்று ஓடும். பட்டைக்கு எண்ணெய் தடவக் கூடாது. எஃப்-கிளாம்பின் நகரும் பகுதி பட்டையைக் கவ்வி நிற்பதே உராய்வால்தான், எண்ணெய் பட்டால் இறுக்கும்போது வழுக்கும். போதாக்குறைக்கு அந்த எண்ணெய் மரத்தில் பட்டு, பிறகு அடிக்கும் பாலிஷ் அந்த இடத்தில் பிடிக்காமல் போகும். தேங்காய் எண்ணெய் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் அதைத் தடவிவிடுகிறார்கள். நாளடைவில் அது பிசுக்காகி மரத்தூளைச் சேர்த்துக்கொண்டு மரையையே அடைத்துவிடும்.

துரு ஏறிவிட்டால் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் வைத்து எடுத்து மாட்டுங்கள். மாட்டும்போது நகரும் பகுதியை அடியில் விட்டுவிடாமல் மேலே தலைக்கு அருகில் ஏற்றி, திருகை அரைச் சுற்று இறுக்கித் தட்டோடு லேசாகப் பிடிக்க வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, எடுக்கும்போது அந்த அரைச் சுற்றைத் திருப்பித் தளர்த்த வேண்டும். நகரும் பகுதி பட்டையின் அடி முனைத் தடுப்பில் இறங்கி நின்றால் நிற்கட்டும். அங்கிருந்து ஒரு கையாலேயே தேவையான இடத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம்.